நம்ம கொரியன் டிராமா குழு – 2025ஆம் வருஷ ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவி அக்கா, பொருளாளர் அக்கா, பாட்டிம்மா, அக்கா தங்கச்சிங்க, நம்மள நம்பி வந்து சேந்த மூணு அண்ணனுங்க, எல்லாருக்கும் செயலாளரோட அன்னியோங்ஹாசேயோ, அதாவது கொரியன்ல வணக்கம். போன வருஷம் ரெண்டே பக்கத்துல அறிக்கைய முடிச்சுட்டேன்னு நிறைய பேர் வருத்தப்பட்டீங்க, அதனால இந்த தடவ கொஞ்சம் விரிவாவே எழுதிருக்கேன், பொறுமையா கேளுங்க.

மொதல்ல கணக்கு வழக்கமான விஷயம். ஜனவரில 26 பேர் இருந்தோம், டிசம்பர் முடியறப்ப 38. மாசாமாசம் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நம்ம குடியிருப்பு ஹால்ல கூட்டம், ஒரு மாசம் கூட விடல, 12 கூட்டமும் நடந்துச்சு. மார்ச் மாசம் மட்டும் வாராவாரம் தலைவி அக்கா வீட்டு மொட்டை மாடில தனியா 4 தடவ கூடுனோம், அது ஏன்னு கீழ சொல்றேன்.

புதுசா சேந்தவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். நம்ம குழு 2022ல எக்ஸ்ட்ரார்டினரி அட்டார்னி வூ ஓடுனப்ப 5 பேரோட ஆரம்பிச்சது. அந்த டிராமாவும் அப்படித்தான், கொரியாவுல யாருக்கும் பெருசா தெரியாத ஈஎன்ஏ சேனல்ல மொத எபிசோட் 0.9 சதவீதம் ரேட்டிங்ல ஆரம்பிச்சு கடைசி எபிசோட் 17.5ல போய் நின்னுச்சு, ஒருத்தர் பாத்து இன்னொருத்தர்கிட்ட சொல்லிச் சொல்லியே ஏறுனது. நம்மள்ல பாதிப் பேர் அதுக்கும் ரொம்ப முன்னாடியே புதுயுகம் டிவில தமிழ் டப்பிங்ல பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் பாத்து லீ மின்-ஹோவுக்கு ரசிகை ஆனவங்க. ஆனா அப்பல்லாம் யார்கிட்டயும் சொல்லாம தனியா பாத்தோம். பாக்கறது ஒரு பங்குன்னா அதப் பத்தி உக்காந்து பேசறது மூணு பங்குன்னு இந்தக் குழு வந்த அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

இப்ப மார்ச் மாசத்துக்கு வரேன். இந்த வருஷத்த நெனச்சா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ் டிராமாதான். மார்ச் 7, 14, 21, 28ன்னு நாலு வெள்ளிக்கிழமை, வாரத்துக்கு 4 எபிசோடா மொத்தம் 16, வசந்தம் கோடை இலையுதிர் காலம் குளிர்னு நாலு பருவமா பிரிச்சு விட்டாங்க. கொரியன்ல இதோட பேரு போக்ஸாக் சோகாஸ்சுதா, அது ஜேஜு தீவு வட்டார வழக்கு, ரொம்ப கஷ்டப்பட்டு உழைச்சீங்கன்னு நன்றியா சொல்றது. சியோல்காரங்களுக்கே அந்த வழக்கு சட்டுன்னு புரியாதாம். நாகர்கோவில் பேச்சு சென்னைக்காரங்களுக்கு பிடிபடாத மாதிரி வச்சுக்கோங்க.

எழுதுனது லிம் சாங்-சுன், டைரக்ஷன் கிம் வோன்-சோக். கதாநாயகி ஏ-சுன், அவ புருஷன் க்வான்-ஷிக், இந்த ஜோடிக்கு ஐயூவும் பார்க் போகமும் இளமைக்கு, மூன் சோ-ரியும் பார்க் ஹே-ஜூனும் வயசான காலத்துக்கு. ஐயூவே அம்மா ஏ-சுனாவும் வர்றாங்க, மக கும்-ம்யோங்காவும் வர்றாங்க, ரெண்டும் ஒரே ஆள்னு நம்ம பாட்டிம்மாவுக்கு நாலாவது வாரம் சொன்னப்பதான் தெரியும், அதுவரைக்கும் ரெண்டு பொண்ணுங்கன்னே நெனச்சுட்டு இருந்திருக்காங்க. நடிப்புக்கு இத விட என்ன சர்டிபிகேட் வேணும்!

மொத வாரக் கூட்டத்துல யாருமே கதைய பத்தி பேசல, எல்லாரும் அவங்கவங்க அம்மாவ பத்தித்தான் பேசுனாங்க. ஏ-சுனோட அம்மா குவாங்-ரே ஹேன்யோ, அதாவது ஆக்ஸிஜன் இல்லாம மூச்ச அடக்கிட்டு கடலுக்குள்ள போய் ஆபலோன் சிப்பி எடுக்கற பொம்பளைங்க. அந்த சின்னப் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஒரு கவிதை எழுதுது, அந்தப் பாழாப்போன சிப்பிக்காக எங்கம்மா வீட்டுக்கே வர மாட்டேங்கறா, ஒரு நாளைக்கு நூறு ஹ்வான் (அந்தக் காலத்து கொரியப் பணம்) நானே குடுத்து எங்கம்மாவ வாங்கிக்கணும்ங்கற மாதிரி. அந்த அம்மா அதப் படிச்சுட்டு உக்காந்து அழுவுற எடத்துல நான் டிவிய பாஸ் பண்ணிட்டு எங்க அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போயிட்டு ராத்திரி ஏழரைக்கு வருவாங்க, நான் வாசல்லயே உக்காந்திருப்பேன். என்னடி இந்நேரத்துலன்னு கேட்டாங்க, சும்மாதான்மான்னு சொல்லி வச்சுட்டேன். மாடில இத சொன்னப்ப கிட்டத்தட்ட எல்லாரும் அதே மாதிரி யாருக்கோ போன் பண்ணிருக்காங்க.

அடுத்தது அந்த சாப்பாட்டு சீன். ஏ-சுனோட புகுந்த வீட்ல ஆம்பளைங்க ஒரு மேஜை, பொம்பளைங்க தனியா ஒரு சின்ன மேஜை, எல்லாரும் சாப்பிடறப்ப க்வான்-ஷிக் ஒண்ணும் பேசல, சண்ட போடல, அப்படியே உக்காந்த எடத்துல திரும்பி ஆம்பளைங்க பக்கம் முதுக காட்டிட்டு பொண்டாட்டி மேஜை பக்கம் உக்காந்துடறான். அவ்ளோதான் சீன். நம்ம பாட்டிம்மாவுக்கு 67 வயசு, அவங்க அன்னிக்கு சொன்னத அப்படியே எழுதி வச்சிருக்கேன்: "கல்யாணம் ஆயி நாப்பது வருஷம் எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்ச பொறவு அடுப்படில உக்காந்து மிச்சம் இருக்கற கொழம்ப ஊத்தி சாப்ட்டவ நானு. அந்தப் பய திரும்பி உக்காந்தான் பாரு, எனக்கு அது போதும்டி." அதுக்கப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசல, கீழ் வீட்டு தங்கச்சி போய் டீ கொண்டு வந்தா.

மகளுக்கு கல்யாணத்தன்னிக்கு அப்பா சொல்றதும் அதே மாதிரிதான், சரி வரலன்னா திரும்பி அப்பாகிட்ட ஓடி வந்துடுன்னு. நம்ம ஊர்ல போற எடத்துல அனுசரிச்சு இருன்னுதான சொல்லி அனுப்பறோம். அன்னிக்கு வந்திருந்த ரெண்டு அண்ணனுங்களும் பொண்ணப் பெத்தவங்க, ரெண்டு பேருமே கண்ணத் தொடச்சுட்டு இருந்தாங்க.

மே 5ஆம் தேதி கொரியாவோட பெரிய டிவி சினிமா விருதான பேக்சாங் வந்தப்ப நமக்கெல்லாம் வீட்டு விசேஷம் மாதிரி இருந்துச்சு. சிறந்த டிராமா, திரைக்கதை, துணை நடிகை, துணை நடிகர்னு நாலு விருது இதுக்கு. குவாங்-ரேவா வந்த யோம் ஹே-ரானுக்குத்தான் துணை நடிகை விருது, அவங்கள நாம தி க்ளோரில பாத்திருக்கோம், வென் தி கமேலியா ப்ளூம்ஸ்ல வக்கீலா பாத்திருக்கோம், எங்க வந்தாலும் அந்த எடத்த அவங்களோடதா ஆக்கிடறாங்க. ஹீரோ ஹீரோயினுக்கே போஸ்டர் ஒட்டிட்டு இருந்த நாம இந்த வருஷம் மொத தடவையா ஒரு துணை நடிகைக்கு கேக் வெட்டுனோம், இது எனக்கு ரொம்ப பெருமை.

அரிசி விஷயம். கொரியாவுல ரசிகர்கள் பூ மாலைக்கு பதிலா அரிசி மூட்டைய நட்சத்திரம் பேர்ல அனுப்பி, அது அப்படியே தானமா போகும். ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு காபி வண்டி அனுப்பறதும் உண்டு, அது நமக்கு கட்டுப்படியாகாதுன்னு பிப்ரவரிலயே முடிவு பண்ணிட்டோம். ஐயூ பொறந்த நாள் மே 16, பார்க் போகம் ஜூன் 16, ரெண்டு பேருமே 1993, அதனால அந்த ஒரு மாசத்துக்குள்ள 93 கிலோ அரிசி சேக்கறதுன்னு கெளம்புனோம். ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு டப்பால தூக்கிட்டு வந்து குடுத்தீங்க. ஜூன் 15 சாயங்காலம் எடை போட்டப்ப 91 தான் இருந்துச்சு, எதிர் பிளாக் அத்தை, அவங்க டிராமாவே பாக்காதவங்க, என்னம்மா பண்றீங்கன்னு கேட்டுட்டு உள்ள போய் 2 கிலோ பொன்னி அளந்து கொண்டு வந்து குடுத்தாங்க. மறுநாள் பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துக்கு கொண்டு போய் குடுத்துட்டோம். அந்த அத்தை இப்ப நம்ம 33வது உறுப்பினர்.

மே 13 நடிகர் லீ டோ-ஹ்யூன் ராணுவ சேவை முடிச்சு வந்தாரு. காலேஜ் தங்கச்சிங்க 2023 ஆகஸ்ட்ல இருந்து காலண்டர்ல நாள் அடிச்சுட்டு இருந்தாங்க. அங்க ஆம்பளைங்க எல்லாரும் கட்டாயம் போகணும், தரைப்படைன்னா 18 மாசம், கடற்படை 20, விமானப்படை 21, டோ-ஹ்யூன் விமானப்படை, அதான் இவ்ளோ நாள். பார்க் போகமும் 2020ல கடற்படைக்கு போயிட்டு வந்தவர்தான். மார்க்கெட் உச்சத்துல இருக்கறப்ப எல்லாத்தயும் வச்சுட்டு போயிட்டு வர்றது லேசுப்பட்ட விஷயமில்ல. அக்டோபர் 1 இன்னொரு நடிகர் சோங் காங்கும் சேவை முடிச்சு வந்தாச்சு.

ஸ்க்விட் கேம் மூணாவது சீசன் ஜூன் 27 வந்துச்சு, பாத்தோம், பாதிப் பேருக்கு முடிவு பிடிக்கல, ஹீரோ லீ ஜங்-ஜேவ மட்டும் யாரும் குறை சொல்லல, அத்தோட விட்டுட்டோம்.

ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்ச பான் அப்பெட்டீட் யுவர் மெஜஸ்டி 12 எபிசோடும் பசியோடவே பாத்தோம். சமையல்கார பொண்ணு பழைய கொரியாவோட ஜோசான் ராஜா காலத்துக்கு போய் மாட்டிக்கற கதை, யூனாவுக்கு ஜோடியா லீ சே-மின் கடைசி நேரத்துல மாத்தி போட்டு வந்தவர், ஆனா அவர விட்டா வேற யாரு அந்த ராஜாவா வர முடியும்னு தோண வச்சுட்டாரு. அதப் பாத்த சூட்டுலதான் நவம்பர்ல கிம்ச்சி, அதாவது கொரியன் கோஸ் ஊறுகாய் போட்டது. கொரியாவுல குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெருவே கூடி கிம்ச்சி போடுவாங்க, கிம்ஜாங்னு பேரு, 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க. நமக்கு அந்த நீளக் கோஸ் வெல கட்டல, சாதா முட்டைகோஸ்தான். உப்புல ஊற வச்சு, பிழிஞ்சு, இஞ்சி பூண்டு, முள்ளங்கி, வெங்காயத்தாள், கொரியன் மொளகாப்பொடி. சைவக்காரங்களுக்கு மீன் சாஸ் இல்லாம தனி டப்பா. நம்ம ஊரு சூட்டுக்கு ஒரே நாள் வெளிய வச்சதுக்கே மூடியத் தள்ளிட்டு பொங்கிடுச்சு, அதனால அடுத்த தடவ பாதி டப்பாதான் ரொப்பணும், சாயங்காலமே பிரிட்ஜுக்குள்ள போயிடணும். ஊறுகாய் போடற பொருளாளர் அக்கா கைப்பக்குவம், கிம்ச்சியும் நல்லாத்தான் வந்துச்சு.

அக்டோபர் 9 ஹங்குல் தினம், ராஜா செஜோங் உண்டாக்குன கொரியன் எழுத்து, 24 எழுத்த சார்ட் அடிச்சு ஒட்டி ஒரு மணி நேரத்துல எல்லாரும் அவங்க பேர எழுதிட்டாங்க. ஓம்மான்னா அம்மா, அப்பான்னா அப்பாவே, நான்னா நான். ஹல்பர்ட்னு ஒருத்தர் 1905ல கொரியனையும் நம்ம திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு புத்தகமே போட்டிருக்காரு, மொழி ஆராய்ச்சிக்காரங்க அத இன்னிக்கு ஏத்துக்கல. ஏத்துக்காட்டியும் டிராமாவுல ஒரு குழந்தை அப்பான்னு கூப்புட்டா சப்டைட்டில் பாக்காமலே நமக்கு கேக்குது இல்லையா, அந்த சந்தோஷம் எனக்கு போதும்.

இப்ப மனஸ்தாபங்கள். ரிப்ளை 1988 டிராமா வந்து நவம்பர் 6ஓட 10 வருஷம் ஆச்சுன்னு திரும்ப பாத்தோம். அங்கதான் ஸ்பாய்லர் பிரச்சன. மொத தடவ பாக்கறவங்க 11 பேர் இருந்தாங்க, கதாநாயகி டோக்-சுன் யாரக் கட்டிக்கப் போறாங்கறத ஒருத்தங்க வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயே போட்டுட்டாங்க. அவங்க மன்னிப்பு கேட்டுட்டாங்க, பேர் வேணாம். அவள விரும்பற பசங்க ரெண்டு பேர், கொரியாவுலயே அப்ப ஜங்-ஹ்வான் கட்சி, தேக் கட்சின்னு ஊரே ரெண்டா நின்னுச்சு, நம்ம ஹால்லயும் நின்னுச்சு. நான் ஜங்-ஹ்வான் கட்சி, மறைக்கல. ஜங்-ஹ்வான் சிக்னல் சிக்னலா மாட்டி டோக்-சுன் இருக்கற எடத்துக்கு ஓடி வந்து பாத்தா அங்க தேக் முன்னாடியே நிக்கறான், சிவப்பு விளக்கு மேல தப்பில்ல, தயங்கித் தயங்கி நின்ன என் மேலதான் தப்புன்னு நெனச்சுப்பானே, அத இப்பவும் என்னால பாக்க முடியல. ஆனா தான் ஆட வேண்டிய மேட்சையே விட்டுட்டு வந்தவன் தேக்னு தலைவி அக்கா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முடிவான தீர்மானம்: குழுவா பாக்கற எந்த டிராமாவுக்கும் கூட்டம் முடியற வரைக்கும் ஸ்டேட்டஸ், குரூப், லிஃப்ட் எங்கயும் கதை சொல்லக்கூடாது. கைதூக்கி ஏகமனதா நிறைவேறுச்சு.

போட்டோகார்டு (நட்சத்திரங்க படம் போட்ட அட்டை) ஆர்டர்ல ஏமாந்தது என் பொறுப்புல நடந்தது. ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட 1,750 ரூபா முன்பணம் கட்டுனேன், பொருளும் வரல பணமும் வரல. இனிமே கையில வாங்குன பிறகுதான் பணம்.

வரவு செலவு: முன் இருப்பு 2,140. சந்தா 38 பேருக்கு 600 ரூபா வீதம் 22,800, நடுவுல சேந்தவங்களும் முழுசா குடுத்தீங்க, நன்றி. செலவுல ஹால் வாடகை 6,000, டீ பலகாரம் கேக் 7,450, கிம்ச்சி சாமான் 2,860, ஹங்குல் சார்ட் 640, மேல சொன்ன 1,750, ஆக 18,700. கையிருப்பு 6,240. பில்லெல்லாம் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு, யாரு வேணா பாக்கலாம்.

வர்ற வருஷம் மொத டிராமா மை மிஸ்டர்னு ஓட்டுல வந்திருக்கு. 2018ல வந்தது, டேஞ்சரின்ஸ் எடுத்த அதே கிம் வோன்-சோக், அதே ஐயூ, கூட லீ சுன்-க்யுன். அவரு 2023 டிசம்பர் 27 இறந்து போய்ட்டாரு, அதுக்கப்புறம் அத திறக்கவே மனசு வரலன்னு 4 பேர் சொன்னீங்க, எனக்கும் அப்படித்தான். தனியா பாக்க முடியாதத சேந்து பாத்துடலாம்னு பாட்டிம்மா சொன்னதாலதான் ஓட்டுக்கே விட்டோம். ஜனவரி கடைசி ஞாயிறு, 4 மணி, மொத 4 எபிசோட் பாத்துட்டு வாங்க. முடியாதவங்க பாக்காமலே வாங்க, நாங்க கதை சொல்றோம்.

இப்படிக்கு,
செயலாளர்