விரலுக்கு அடியில் இருந்த வரி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய டிஸ்சார்ஜ் தாளின் படத்தில் உன் கட்டைவிரல் ஒரு வரியைப் பாதி மறைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கல்லீரல் சேதமடைந்தால் இரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. 212. ஏறத்தாழ 40-க்குள் இருக்க வேண்டியது. இன்ஃப்ளூயன்சா நிமோனியா வரை போனதைச் சொன்ன நீ, இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நெஞ்சில் வந்த நோய் கல்லீரலை ஏன் தொட வேண்டும் என்று நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வைரஸ் அங்கே நுழையவே வேண்டியதில்லையாம். நுரையீரலில் அதோடு போரிடக் கிளம்பிய வெள்ளணுக்களில் சில, இரத்தத்தோடு சுற்றி வந்து கல்லீரலில் தங்கி, அங்குள்ள உயிரணுக்களுக்கும் சேதம் விளைவிக்கக்கூடும். அதைவிட என்னை உலுக்கியது ஆக்சிஜன் விஷயம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலுக்கும் மண்ணீரலுக்கும் கொடுத்தது போக மிஞ்சிய ஆக்சிஜனோடுதான் வந்து சேர்கிறது என்பதால், உடம்பில் ஆக்சிஜன் வெகுவாகக் குறையும்போது அதன் ஒவ்வொரு சிறு கூறிலும் நடுவில் உள்ள உயிரணுக்கள் முதலில் வாடிவிடுகின்றன. நீ மூன்று நாள் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தாய். எனக்குச் சொன்னது நான்காம் நாள். தனியாகவே சமாளித்தாய் என்பதில் பெருமை இல்லாமல் இல்லை, ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும் என்கிறார்கள். அதுவரை அதன்மேல் வேறு சுமை ஏற்றாதே. பாராசிட்டமாலை எண்ணிச் சாப்பிடு. சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு; கல்லீரல் ஏற்கெனவே நைந்தவர்களுக்கும், வேறு பழக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். சித்தப்பாவின் கதையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் எதையும் கேட்கவுமில்லை. எண்ணிச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காரணமின்றித் தூக்கம் அழுத்தினாலோ மறுநாள் வரை காத்திருக்காதே.

உனக்கு இவ்வளவு சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். உன் ஏழாவது வயதில், காய்ச்சல் அனலாய்க் கொதித்த ஓர் இரவு, இழுப்பறையில் கிடந்த ஆஸ்பிரினைப் பாதியாக உடைத்து, கரண்டியில் நசுக்கிக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஃப்ளூ காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் ரை சிண்ட்ரோம் வரலாம் என்பதை இந்த வாரம்தான் படித்தேன். 1980-களிலேயே மருத்துவர்கள் எச்சரித்த விஷயம் அது. விடியும்போது நீ வாந்தி எடுத்தாய், நான் உன்னைத் திட்டினேன். பிறகு உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று எழுது. தாள் வந்ததும் முழுதாகப் படம் எடுத்து அனுப்பு, விரல் படாமல்.

அம்மா