துணிக்கடையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிழைக்கப் போன ஊரில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மோசஸ் அலெக்சாண்டர் ஞாபகம் வருவார். 1853இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த யூதர். பதின்ம வயதில் அமெரிக்கா போய், மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தே என்ற சிற்றூரில் உறவினர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் அதே ஊருக்கு மேயர்!

1891இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்து ஆண்களுக்கான துணிக்கடை வைத்தார். அங்கேயும் இரண்டு முறை மேயர். 1908இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார், ஆனாலும் விடவில்லை. 1914இல் ஜெயித்தார். மதத்தைக் கடைப்பிடித்து வாழ்ந்த யூதர் ஒருவர் அமெரிக்க மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை. அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிற பதவி.

மதுவிலக்கை வற்புறுத்தியவர் அவர். 1916 ஜனவரி 1 முதல் ஐடஹோ முழுக்கச் சாராயக் கடைகள் மூடப்பட்டன. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டம் 1917இல் வந்தது. நானும் ஜவுளி வியாபாரிதான். கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இந்தச் சட்டம்தான் பெரிதாகப் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் முன்னின்று பாய்சியில் கட்டிய, யூதர்கள் வழிபடும் மர ஜெப ஆலயத்தை 2003இல் அப்படியே பெயர்த்து, வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அதில் வழிபாடு நடக்கிறது.

– ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், ஈரோடு