பில் இல்லாத கூரை ஓட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்

பசுமைக் கட்டடச் சான்று வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் இருபது வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். போன வருடம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைப் பிரித்து, அதே இடத்தில் தங்கும் விடுதி கட்டினோம். மங்களூர் ஓடு உடையக் கூடாது என்று ஏணியிலிருந்து தரைவரை ஆட்களை நிறுத்தி, கைக்குக் கை மாற்றி இறக்கினோம். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினோம். ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்ததை மட்டும் அடுக்கினோம். தேறியது 1,800 ஓடு. பழைய சுவர்க் கல்லும் திரும்பச் சுவருக்கே போனது.

சான்றுக்குப் போனபோது மதிப்பீட்டாளர் பில் கேட்டார். துரைமார் காலத்து ஓட்டுக்கு யாரிடம் போய் பில் வாங்குவது? அந்த 1,800 ஓடும் கணக்கில் ஏறவில்லை. குளியலறைக்கு வாங்கிய புது டைல்ஸுக்கு, பெட்டியில் பசுமை முத்திரை இருந்ததால், மதிப்பெண் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

லீட் (அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்று), ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் தரும் சான்று) இரண்டிலும் பழைய பொருளைத் திரும்பப் பயன்படுத்தினால் மதிப்பெண் உண்டு. விதி சரிதான். அதை நிரூபிக்கும் வழிதான் கடையில் வாங்கும் சரக்குக்கு ஏற்றபடி இருக்கிறது. பிரிக்கும்போது எடுத்த போட்டோ, எண்ணி எழுதிய பட்டியல், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, வெளியிலிருந்து வந்தால் எடைமேடைச் சீட்டு: இவற்றை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ப் பொருள் கணக்கையும் பாருங்கள். ஐஜிபிசியில் 400 கிலோமீட்டருக்குள் தயாரானால் உள்ளூர்ப் பொருள். சேலத்திலிருந்து சென்னையே சுமார் 340 கிலோமீட்டர்தான். அப்படியானால் மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் பக்கத்திலேயே அடித்த கல்லும், சென்னையிலிருந்து லாரி ஏறி வந்த கல்லும் ஒன்றாகிவிடுகின்றன. (சாம்பல் கல்லுக்கு மதிப்பெண் தருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.) அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் லோடு லாரி குடிக்கும் டீசல், சமவெளியில் அதே தூரம் ஓடும் லாரிக்கு ஆகுமா? மலைக்கு ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஓடு எண்ணிய நோட்டும், பிரித்த நாள் போட்டோக்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மறு மதிப்பீட்டுக்கு யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நேரில் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர்