ஏழாம் அத்தியாயத்தில் நீங்கள் எழுதிய ஒற்றை வரி

அன்புள்ள மச்சாள்,

என் டிராகன் நாவலை எழுதிய கொப்பிகளை நீங்கள் திருப்பித் தந்து ஐந்து மாதமாகிறது. கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறேன் என்று மாமியிடம் சொன்னீர்களாம். கோபமே இல்லை. ஆறு சீ.ஆர். கொப்பியையும் ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறீர்கள் என்பது ஓரத்துப் பென்சில் கோடுகளிலேயே தெரிந்தது. ஆனால் மூன்றாவது கொப்பியில், ஏழாம் அத்தியாயத்தில் டிராகன் ஊரை எரிக்கிற இடத்தில், "நெருப்பு இப்படி இல்லை புள்ள" என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்த பிறகு பல நாள் என்னால் பேனையைத் தொட முடியவில்லை. இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதட்டுமா என்று போனகிழமை உங்களிடம் கேட்டேன், எழுது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதன்முதலில் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பனிமலை, கற்கோட்டை, குதிரையில் வருகிற வீரன், மூன்று யானை அளவில் ஒரு டிராகன். பிள்ளைகள் படுத்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, ஒரு வருடத்துக்கு மேலாக எழுதினேன். நீங்கள் வாசித்துவிட்டுக் கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், "அது ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்? எங்க படுக்கும்?" என்று மட்டும் கேட்டீர்கள். மாட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்! ஆனால் அந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்த வேலையில் உண்மையான ஆசை பிடித்தது.

மூன்று யானை எடையுள்ள ஒன்று பறக்காது மச்சாள். உலகத்தில் பறந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று குவெட்சால்கோட்லஸ் என்ற பழைய ஊர்வன. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 10 மீற்றர், நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம், ஆனால் எலும்பெல்லாம் மெல்லிய சுவரோடு உள்ளே வெறுமை. அதைப் பார்த்ததும் என் டிராகனை இளைக்க வைத்தேன். நான்கு காலும் இரண்டு இறக்கையும் என்றால் ஆறு உறுப்பு, முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் அப்படிக் கிடையாது, ஆகவே வௌவாலைப் போல முன்னங்கால்களையே இறக்கையாக்கினேன். நெருப்புக்கு ஒரு சின்ன வண்டு கைகொடுத்தது. அது ஐதரோகுயினோன், ஐதரசன் பேரொட்சைட்டு என்ற இரண்டு இரசாயனங்களை வயிற்றில் சேர்த்து வைத்திருந்து, எதிரி வந்தால் இன்னோர் அறைக்குள் விட்டு, நொதியங்களோடு கலந்து, 100 பாகை அளவு சூட்டில் பீய்ச்சி அடிக்கும். என் டிராகனுக்கும் அப்படி ஒரு பை கொடுத்தேன். ஒருமுறை பீய்ச்சினால் பை காலியாகிவிடும், பிறகு பல நாளுக்கு நெருப்பு இல்லை, பொறுக்க முடியாத தாகம் மட்டும்தான். இந்தத் தாகம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தாகம் எடுத்தால் அது தண்ணீர் தேடும், எங்கள் மட்டக்களப்புப் பக்கம் தண்ணீர் என்றால் வாவிதானே, அப்படித்தான் பனிமலையை விட்டுவிட்டுக் கதை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்தது.

பெயருக்குத்தான் நிறைய அலைந்தேன். பறவைநாகம் என்று எழுதிப் பார்த்தேன், இரண்டு பிராணியை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. யாளி என்று வைக்கலாம் என்றால், சங்கப் பாட்டில் வருகிற ஆளி யானையை அடித்துக் கொம்பைப் பிடுங்குகிற மலைவிலங்கு, அதற்கு இறக்கையும் இல்லை நெருப்பும் இல்லை. கடைசியில் ஊர்ச்சனம் அதைக் 'கிழவி' என்றே கூப்பிடுகிறார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். நம்மவர்கள் இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்கிற மாதிரி. அவள் படுக்கிற இடம் குடும்பிமலை மாதிரி ஒரு பாறை, தின்பது எருமை. வயல் வட்டைக்குள் வாடிக் குடிசையில் இருக்கிற பட்டிக்காரன் காலையில் எண்ணும்போது ஒன்று குறைகிறது, நிலச்சொந்தக்காரரான போடியார் அவனைக் கள்ளன் என்கிறார். கதை தொடங்குவதே இப்போது அந்த எண்ணிக்கையில்தான். பட்டிக்காரனின் மகள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு நியாயம் கேட்கப் போகிறாள். மண்முனையில் பாலம் வந்தது 2014இல், அதற்கு முன் நாங்கள் ஏறிப் போன அதே பாதை, அதே டீசல் மணம் இல்லாமல்.

நம்மட ஊரில் டிராகன் கதையை யார் நம்புவார் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அம்மம்மா, உங்களுக்கு அப்பம்மா, அந்த மனுசி கொக்கட்டிச்சோலைக் கோயில் கதையை எப்படிச் சொல்லுவா என்று நினைத்துப் பாருங்கள். பறங்கி அதிகாரி வந்து இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று கேட்டானாம், கல் நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். அந்தச் சாணத்தைச் சொல்லும்போது அவவின் முகத்தில் எவ்வளவு நிச்சயம்! நான் அவவிடம் படித்தது அதைத்தான். புல் தின்றதோடு கதையை நிறுத்திவிடாமல் சாணம்வரை போகவேண்டும்.

ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. வானம் சிவந்தது, தீநாக்குகள் ஆடின, பொறி பறந்தது என்று நாலு பக்கம். எழுதும்போது சந்தோசமாக இருந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். 1990இல் உங்கள் வீடு எரிந்தபோது எனக்கு இரண்டு வயது, உங்களுக்குப் பதினொன்று. அது எனக்குத் தெரிந்த விசயம்தான், தெரிந்துகொண்டே அந்த நாலு பக்கத்தை எழுதி உங்கள் கையில் தந்திருக்கிறேன்.

அந்த எரிப்பைப் பற்றி ஒருநாள் விறாந்தையில் இருந்து நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே காதில் நிற்கிறது. நெருப்பை நீங்கள் பார்க்கவேயில்லை, கண்ணா என்கிற சதுப்புமரக் காட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், கூரைத் தகரம் வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் இன்னும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன, பல நாள் கனன்றன. அந்த மணத்தில் பசி எடுத்தது என்று சொல்லிவிட்டு அழுதீர்கள்.

இப்போது அந்த அத்தியாயத்தில் கிழவியே இல்லை. நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். பட்டிக்காரனின் மகள் தண்ணீருக்குள் நிற்கிறாள், சத்தம் கேட்கிறது, விடிகிறது, திரும்பி வருகிறாள், நெல் கனல்கிறது, அவளுக்குப் பசிக்கிறது. மூன்றாம் நாள் தாகத்தோடு கிழவி வாவிக்கு வருகிறாள், அதே மணம் அவளுக்கும் எட்டுகிறது. வாசித்த ஒரு தோழி, டிராகன் நாவலில் டிராகன் எரிக்கிற காட்சி இல்லாமல் எப்படி என்று கேட்டாள். நான் மாற்றப் போவதில்லை. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டித் தரச் சொல்கிறார்கள், 300 பிரதிக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள், அதெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் இந்த அத்தியாயம் நீங்கள் வாசித்துச் சரி என்று சொல்லும்படி வரவேண்டும்.

சனிக்கிழமை கொப்பியோடு வருகிறேன். ஒரு இடம் மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். திரும்பி வந்த அன்று கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்களா, அள்ள வாளி மிஞ்சியிருந்ததா? சொல்ல மனமில்லாவிட்டால் விடுங்கள், அந்த வரி அப்படியே வெறுமையாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்