செயலாளர் ஆண்டறிக்கை 2025: நம் அணிக்கு ஒரு சொந்த மைதானம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் ஜெர்சியோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியின் எடிசன், பிஸ்கேட்டவே வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் மகளிர் கால்பந்து ரசிகர் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையை வாசிக்க வந்திருக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கையில் பிக்னிக், சனிக்கிழமைப் பயிற்சி, டிக்கெட் பணம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி இருக்கும். இந்த முறை அவற்றையெல்லாம் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு ஒன்றுதான்: நாம் ஆதரிக்கும் தொழில்முறை மகளிர் அணியான கோத்தமுக்கு ஏற்ற மைதானம் எது?

நவம்பர் 22-ஆம் தேதி இரவிலிருந்து தொடங்குகிறேன். கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் அமெரிக்கத் தேசிய மகளிர் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்து பார்த்தோம். 80-ஆவது நிமிடத்தில் நம் வீராங்கனை ரோஸ் லவெல் அடித்த ஒரே கோலில் வாஷிங்டன் ஸ்பிரிட்டை வென்று கோப்பை நமக்கு வந்தது. குழந்தைகள் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்துவிட்டார். கொஞ்சம் அமைதியானதும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, கோப்பையை நம்ம ஊர்ல வச்சு எப்போ தூக்குவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய சீசன்களைப் புரட்டிப் பார்த்தேன். 2025-இல் எட்டாவது இடத்தில் இருந்துதான், தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்தோம். ஆகவே கான்சஸ் சிட்டி, ஆர்லாண்டோ, சான் ஹோசே, மூன்றுமே வெளியூர். 2023-இல் முதல் லீக் கோப்பையை வென்றபோது ஆறாவது இடம். வட கரோலினா, போர்ட்லண்ட், சான் டியாகோ என்று அப்போதும் மூன்றும் வெளியூர். அதற்கும் முன்னால் 2009-இல், அணிக்கு ஸ்கை ப்ளூ என்று பெயர் இருந்த காலத்தில், வேறொரு லீக்கில் சாம்பியன் ஆனோம். கிறிஸ்டி ராம்போன் வயிற்றில் குழந்தையோடு, பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்து அணியை நடத்திய வருடம் அது. அந்த மூன்று நாக்-அவுட் ஆட்டங்களும் மேரிலாண்ட், செயின்ட் லூயிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம்தான் நடந்தன. 2025 மே மாதம் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் மகளிர் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும் மெக்சிகோவின் மான்டெரேயில்.

மூன்று முறை லீக் சாம்பியன். மூன்று முறையும் சொந்த ஊரில் ஒரு நாக்-அவுட் ஆட்டம்கூட இல்லை. பட்டியலில் எந்த இடத்தில் முடித்தோம் என்பதால் வந்த நிலைமை இது, இதற்கு மைதானத்தைக் குறை சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஊரில் ஆடிய நாட்களிலும் நாம் யார் வீட்டில் ஆடினோம்?

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. லீக் தொடங்கிய 2013 முதல் 2019 வரை அணியின் இடம் பிஸ்கேட்டவேயில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் யுர்சாக் மைதானம். அதற்கு முன் பழைய லீக் காலத்திலும் அங்கேதான். ஐயாயிரம் பேர் உட்காரலாம். நம்மில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் கம்பி ஓரமாகப் போய் நின்றால் நட்சத்திர வீராங்கனை கார்லி லாய்ட் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவரே ரட்கர்ஸ் மாணவியாக ஆடிய இடம் அது. அந்த நெருக்கத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இன்றும் சங்கத்தில் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. ஆனால் அது கல்லூரி மைதானம். தொழில்முறை அணிக்கு வேண்டியது அங்கே இல்லை. 2018-இல் வீராங்கனைகளின் தங்குமிடம் பற்றியும், பயிற்சி இடத்தில் குளிக்கக்கூட வசதியில்லாதது பற்றியும் செய்திகள் வந்தபோது நாம் எல்லாரும் தலைகுனிந்தோம். அந்த சீசனில் 24 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் கடைசி ஆட்டத்தில். காலரியில் உட்கார்ந்து கைதட்டிய நமக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

2019 ஆகஸ்ட் 18-இல் ஹாரிசனில் உள்ள ரெட் புல் அரங்கில் முதல் ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் 9,415 பேர். அதுவரை அணியின் எந்தச் சொந்த ஊர் ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அடுத்த சீசனில் முழுதாக அங்கே போவதாக இருந்தபோது கொரோனா வந்துவிட்டது. இடையில் சில ஆட்டங்கள் மான்ட்கிளேர் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தன. இப்போது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்று பெயர் மாறியிருக்கும் அதே ஹாரிசன் அரங்குதான் நம் இடம்.

ஹாரிசன் நல்ல அரங்கம். 2010-இல் கால்பந்துக்கென்றே கட்டியது, 25,000 இருக்கை, உண்மையான புல், மழை வந்தாலும் நனையாத கூரை. எடிசனிலோ மெட்ரோபார்க்கிலோ ரயில் ஏறி நெவார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, பாத் (PATH) என்னும் உள்ளூர் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். பார்க்கிங் தொல்லை இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் கார் ஓட்டாமலே வர முடிகிறது. இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. யுர்சாக் காலத்தில் மகனோ மருமகளோ கூட்டிப்போனால்தான் ஆட்டம் பார்க்க முடியும் என்றிருந்த அம்மாக்கள் இப்போது நான்கு பேராகச் சேர்ந்து தாங்களே போய்வருகிறார்கள். புளிசாதம் மட்டும் உள்ளே கொண்டுபோக முடியவில்லை, ரயிலிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல இடம் இருக்கும்போது என்ன குறை என்று பிப்ரவரிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தோம். மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று அவர்கள் படித்து வந்து மாதாமாதம் சொன்னார்கள்.

எனக்கு ஆறவே ஆறாத கதை ராச்செஸ்டருடையது. 2016 ஜூலை. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ் அணிக்குச் சொந்த ஊரில் ஆட்டம். வழக்கமாக ஆடும் அரங்கத்தில் அன்று இசைக் கச்சேரி. ஆகவே பக்கத்திலிருந்த பேஸ்பால் மைதானத்தின் புல்வெளியில் கோடு போட்டு ஆட வைத்தார்கள். அகலம் வெறும் 58 கெஜம். ஓரத்தில் பந்தை வாங்கித் திரும்பினால் எதிர் ஓரம் வந்துவிடும். லீக் அப்புறம் மன்னிப்புக் கேட்டது. அதே ஃப்ளாஷ் அணி அந்த அக்டோபரில் சாம்பியன் ஆனது. மூன்று மாதத்தில், 2017 ஜனவரியில், அணியை விற்று வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாம்பியன் அணி ஊரைவிட்டே போய்விட்டது! கோப்பை வென்றுவிட்டோம், இனி என்ன கவலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் கான்சஸ் சிட்டி. அவர்களும் 2021-இல் பேஸ்பால் மைதானத்தில்தான் ஆரம்பித்தார்கள், பிறகு இரண்டு ஆண்டு ஆண்கள் அணியின் அரங்கத்தில் குடியிருந்தார்கள். 2024 மார்ச் 16-இல் மிசௌரி ஆற்றங்கரையில் சொந்த வீட்டுக்குப் போனார்கள். 11,500 இருக்கைகள் கொண்ட சிபிகேசி அரங்கம், தொழில்முறை மகளிர் அணிக்கென்றே கட்டிய முதல் அரங்கம் அதுதான். கிரகப்பிரவேசத்தன்றே போர்ட்லண்டை 5-4 என்று வென்றார்கள்.

போன நவம்பரில் காலிறுதிக்காக நம் உறுப்பினர்கள் ஆறு பேர் அங்கே போய்வந்தார்கள். கூடுதல் நேரத்தின் கடைசியில் கேட்டி ஸ்டெங்கல் கோல் அடித்து நாம்தான் 2-1 என்று வென்றோம். லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை அவர்கள் வீட்டிலேயே தோற்கடித்தோம். சொந்த மைதானம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம், அந்த இரவே அதற்குச் சாட்சி. ஆனால் போய்வந்தவர்கள் ஆட்டத்தைவிட அரங்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் வீராங்கனைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்கிறதாம். சுவரில் இருக்கும் படங்கள் அத்தனையும் பெண்களுடையவை. ஆண்கள் ஆட்டம் எப்போது என்று பார்த்துவிட்டு மிச்சமிருக்கும் தேதியைக் கேட்க வேண்டிய நிலை அந்த அணிக்கு இல்லை. கூடப்போன ஒரு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்மளும் வாடகை வீட்டில இருந்தவங்கதானே. சுவத்துல ஒரு ஆணி அடிக்கறதுக்கு யாரையும் கேக்க வேணாம்னா, அது தனி நிம்மதி."

ஹாரிசனில் குறை என்ன என்ற கேள்விக்கு என் பதிலும் அதுதான். அந்த அரங்கம் நியூயார்க் ரெட் புல்ஸ் ஆண்கள் அணிக்காகக் கட்டியது. நாம் அங்கே இரண்டாவது குடும்பம்.

இதில் சங்கத்துக்குள் முழு ஒற்றுமை இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஜூன் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒரு அம்மா எழுந்து, "பொண்ணுங்க ஆட்டம்னா மட்டும் ஏன் சின்ன இடமா பாக்கறீங்க? இருபத்தஞ்சாயிரம் சீட்டையும் நிரப்பறதுக்கு வழி பாருங்க" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சான் டியாகோ அணி சின்னக் கல்லூரி மைதானத்திலிருந்து 2022-இல் பெரிய அரங்குக்கு மாறியபோது முதல் ஆட்டத்துக்கே 32,000 பேர் வந்தார்கள். லண்டனில் ஆர்சனல் மகளிர் அணி பல ஆண்டுகள் 4,500 பேர் கொள்ளும் போரம்வுட் மைதானத்தில் ஆடிவிட்டு, 2025-26 சீசனில் சொந்த ஊர் லீக் ஆட்டங்கள் முழுவதையும் ஆண்கள் அணியின் பெரிய எமிரேட்ஸ் அரங்கிலேயே ஆடுகிறது. சின்ன இடம் கட்டிவிட்டு பத்து வருடத்தில் வருந்தக்கூடாது என்பதை நாங்கள் எழுதி வைத்துக்கொண்டோம். ஆனாலும் ஒன்பதாயிரம் பேர் வந்து சத்தம் போட்டும் பாதிக்கு மேல் இருக்கை காலியாகத் தெரிவது பிள்ளைகள் மனதில் என்ன பதிக்கிறது என்பதும் முக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

பாஸ்டன் கதையிலிருந்து வேறு ஒன்றைக் கற்றோம். அங்கே 2026-இல் தொடங்கும் புதிய அணிக்காக, ஃபிராங்க்ளின் பூங்காவில் 1949-இல் கட்டிய வைட் அரங்கத்தைப் புதுப்பிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மைதானம் அது. பொதுப் பூங்காவைத் தனியாருக்குக் கொடுப்பதா என்று அக்கம்பக்கத்தார் சிலரும் ஒரு பூங்கா பாதுகாப்பு அமைப்பும் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் தீர்ப்பு நகராட்சிக்குச் சாதகமாக வந்தது. ஆனால் வேலை முடியாததால் அணி முதல் சீசனை ஊருக்கு வெகுதூரம் வெளியே, ஃபாக்ஸ்பரோவில் உள்ள ஜில்லெட் அரங்கில் தொடங்குகிறது. எந்த ஊரில் இடம் பார்த்தாலும் முதலில் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தைப் பறித்துக்கொண்டு நம் பெண்களுக்கு ஒரு மைதானம் வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துக் கோத்தம் அணி நிர்வாகத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்தில் நம் பகுதி உறுப்பினர்களுக்கும் அனுப்ப ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். எந்த ஊர் என்று நாம் சொல்லவில்லை. அணியே உரிமையாளராகவோ முதல் குடித்தனமாகவோ இருக்க வேண்டும், தேதியை அணி முடிவு செய்ய வேண்டும் என்பது முதல் கோரிக்கை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், உண்மையான புல், பன்னிரண்டாயிரம் இருக்கையில் தொடங்கி பின்னால் கூட்டிக்கொள்ளும்படியான அமைப்பு, அந்த ஊர்ச் சிறுமிகள் வார நாட்களில் ஆட ஒரு பக்கத்து மைதானம் ஆகியவையும் உண்டு. அதுவரை ஹாரிசனில் நம் ஆட்டங்களுக்கு ஒரு தேதி ஒதுக்கினால் அதை மாற்றக்கூடாது என்றும் கேட்டிருக்கிறோம். 2026 ஜூன், ஜூலையில் ஆண்கள் உலகக் கோப்பைக்காக மாநிலமே ஈஸ்ட் ரூதர்ஃபோர்டைப் பார்த்துக்கொண்டிருக்கும், இறுதி ஆட்டம் ஜூலை 19-இல் அங்கேதான். கால்பந்து பற்றி எல்லாரும் பேசும் நேரத்தில் நம் கடிதமும் மேசையில் இருக்கட்டும் என்பதால் இன்றே ஒப்புதல் கேட்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. சனிக்கிழமைப் பயிற்சி மழை நாட்கள் தவிர தடையின்றி நடந்தது. செப்டம்பர் பிக்னிக்குக்குச் சமைத்த அனைவருக்கும் நன்றி. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெரியவர் அக்டோபரில் காலமானார். யுர்சாக் காலரியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து எட்டு இடம் பிடித்து வைத்திருப்பார், 2018-இன் அத்தனை தோல்விகளிலும் ஓர் ஆட்டம் விட்டதில்லை. நவம்பர் கோப்பையைப் பார்க்க அவர் இல்லை. அவருக்காக அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வைப்பார். கடிதத்தின் பிரதிகள் வாசலருகே மேசையில் உள்ளன, திருத்தம் இருந்தால் பென்சிலில் குறித்துக் கொடுங்கள். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்