லினக்ஸ் போட்ட மறுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கணினியை எடைக்குப் போடாமல், விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான், நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன். ஆனால் உங்கள் கட்டுரை போட்டதோடு முடிந்துவிட்டது. எனக்குத் தலைவலி ஆரம்பித்ததே மறுநாள் காலையில்தான்.

கடலூர் முதுநகரில் எங்களுக்கு வலைக்கடை. நைலான் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு வியாபாரம், பாதிச் சரக்கு எடை போட்டு விற்பது. கடையின் பில் புரோகிராமை 2006இல் விஷுவல் பேசிக் 6 என்ற விண்டோஸ் புரோகிராம் மொழியில் நானே எழுதினேன். பி.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி வந்த புதிது. அதுவரை மாமனார் நீள நோட்டில்தான் கணக்கு எழுதுவார். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றது. எங்கள் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏறவில்லை. தங்கை மகன் வந்து லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டான். பழைய புரோகிராமை, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்த்தேன். திறந்தது, பில் அச்சில் கோணிக்கொண்டது. சரி, புதிதாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கார்த்திகை மழையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடைப் பக்கம் ஆள் வராது. எழுதியதெல்லாம் அந்த நாள்களில்தான்.

புதிதாக எழுத எடுத்துக்கொண்ட பைத்தான் மொழி பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. என்னைத் திணறடித்தது லினக்ஸ் என்ற புது வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பதுதான். எழுதிய ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட வேண்டுமாம். போட்டேன், 'அனுமதி இல்லை' என்றது. என் கணினியில் நான் எழுதிய ஃபைலுக்கு எனக்கே அனுமதி இல்லை! ஓடக்கூடிய ஃபைல் என்று அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும் என்று தெரிய ஒரு மதியம் போயிற்று.

அடுத்து, திரையில் வரும் ஜன்னலும் பட்டனும். அவற்றை வரையும் டிகின்டர் என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே வரும் என்று படித்திருந்தேன். இங்கே அது இல்லை, தனியாக நிறுவினேன். அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. 'வலை' என்ற சொல்லே உடைந்து நின்றது. லகரத்துக்கு முன்னால் வர வேண்டிய சங்கிலிக் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. 'மிதவை'யும் அப்படியே. மூன்று நாள் என் கோடில் (நான் எழுதிய புரோகிராம் வரிகளில்) தப்புத் தேடினேன். தப்பு அங்கே இல்லை. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே, என்னிடம் இருந்த பதிப்பில், எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே எடுத்து வைத்துவிடுகிறது. கொம்பை முன்னால் தள்ளி வைப்பது தனி வேலை. அதே வேலைக்கான இன்னொரு கருவியான ஜிடிகேயில் அதை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு துணைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. ஜிடிகேக்கு மாறினேன், 'வலை' ஒழுங்காக வந்தது.

எனக்கு உண்மையில் வழிகாட்டிய புத்தகம் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. மின்ட்டின் அப்டேட் மேனேஜர் பைத்தானிலும் ஜிடிகேயிலும் எழுதியது. யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் லினக்ஸ்மின்ட் என்று போனால் முழு கோடும் அங்கே கிடக்கிறது, சாதாரண எடிட்டரிலேயே திறக்கலாம். விஷுவல் பேசிக்கில் பட்டனை இரண்டு முறை கிளிக் செய்தால் அதற்கான இடம் தானாகத் திறக்கும். இங்கே அந்தத் தொடர்பை நாமே 'கனெக்ட்' என்று ஒரு வரி எழுதிக் கட்ட வேண்டும். அதை அந்தக் கோடைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். பட்டனை மவுஸால் இழுத்து நினைத்த இடத்தில் வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. பெட்டிக்குள் பெட்டி வைத்து அடுக்க வேண்டும், டிபன் கேரியர் மாதிரி. முதலில் எரிச்சலாக இருந்தது. மாமனாருக்காக எழுத்தைப் பெரிதாக்கியபோது எல்லாம் தானாக விலகி இடம் கொடுத்தது, எரிச்சல் போய்விட்டது. (படிக்கிறவர்கள் அந்த ஃபைலை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நோண்டுங்கள்.)

பழைய சரக்குப் பெயர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்திய பாமினி எழுத்துருவில் இருந்தன. இங்கே திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கூழ். பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற ஒரு ராத்திரி ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போட்டுக்கொடுத்த அதே பையன் படிக்கும் கல்லூரியில் இன்றும் டர்போ சி என்ற டாஸ் காலத்துக் கருவியின் நீலத் திரைதான். அதைப் புது விண்டோஸில் ஓட்ட, பழைய டாஸ் கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்று ஒன்றை இடையில் வைக்கிறார்கள். அவன் எழுதும் 'கிளியர் ஸ்கிரீன்' வரியை, லினக்ஸில் சி புரோகிராமை ஓடவைக்கும் ஜிசிசி ஏற்காது. லினக்ஸை நிறுவத் தெரிந்த பிள்ளைக்கு அதில் புரோகிராம் எழுதத் தெரியவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல கணினிகளில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது, அதிலிருந்த பாஸ் லினக்ஸை நான்கூடத் திறந்து பார்த்ததில்லை.

ஆகவே அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி ஒன்று எழுதச் சொல்லுங்கள். புள்ளி-சாய்கோடு, அனுமதி, எந்தக் கருவியில் தமிழ் உடையாது, கணினியிலேயே கிடக்கும் கோடை எங்கே பார்ப்பது, இவ்வளவு போதும். தமிழில் வரட்டும். பக்கத்துக் கடை ஐஸ் பெட்டிக்காரர் மகள் புரோகிராம் எழுத ஆரம்பித்திருக்கிறாள். தினமும் ஒரு சந்தேகத்தோடு வருகிறாள், எனக்கு வியாபாரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வலைக்கடைக்காரி,
கடலூர் முதுநகர்