அண்ணனுக்கு, டப்பாக்களைத் திறந்த பிறகு

அண்ணா,

அப்பாவின் வருஷ திதி போன வாரம் நல்லபடியாக முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர்களைப் பற்றி வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு ராத்திரியே உனக்குப் போனில் வந்து சேர்ந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்த உன் டீ டப்பாக்களை இறக்கினேன். ஒன்று விடாமல் திறந்தேன். அதைச் சொல்லத்தான் இது.

நேரில் சொல்ல வேண்டியதுதானே, ஊர் படிக்கிற இடத்தில் எதற்கு என்று கேட்பாய். நேரில் என்றால் நான் வாயைத் திறந்ததுமே "பாப்பா, அதை விடு" என்பாய். நானும் விட்டுவிடுவேன். இதை அண்ணி கட்டாயம் படிப்பார். அண்ணி, உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பங்காளி வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சில இடங்களில் பாதியோடு நிறுத்துவேன். மீதியை நீ நிரப்பிக்கொள்.

மல்லிகை டீ செத்துப் போயிருந்தது. இலை அப்படியே சுருண்டு அழகாக இருக்கிறது, முகர்ந்தால் அட்டைப்பெட்டி நாற்றம். சீனாவில் மதியத்துக்கு மேல் மொட்டாகப் பறித்து, ராத்திரி அது விரிகிற நேரத்தில் இலையோடு கலந்து வைத்து, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையை மறுபடி உலர்த்தி, திரும்பவும் புதுப் பூ போடுவார்கள், உசத்தியான ரகத்துக்கு இப்படிப் பல ராத்திரி ஆகும் என்று நீ கதை சொன்னாய். அவர்கள் போடுவதும் நம் குண்டுமல்லி ஜாதிதான் என்று கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. தருமபுரி பூ மார்க்கெட்டில் வாங்கிவந்து நாமும் செய்தோமே! நடுவில் உலர்த்த வேண்டும் என்பதை மட்டும், இலை பூசணம் பிடித்த பிறகு சொன்னாய். முக்கியமானதைக் கடைசியில் சொல்வது உனக்குப் பழக்கம்.

ஏர்ல் கிரேயிலும் வாசனை பாதி இறங்கிவிட்டது. இத்தாலியில் கலாப்ரியா பக்கம் விளைகிற பெர்கமாட் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய் அதில் ஏறியிருக்கிறது என்று நீ பெருமையாகச் சொல்ல, அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணி" என்றார். மூடி சரியாக மூடாத டப்பாவில் எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்? மேலே ஏற்றின வாசனை போய்விட்டது, அடியில் இருக்கிற டீ சுமார்.

புகை டீ மட்டும் அசையவில்லை. வூயி மலையில் பைன் விறகுப் புகையில் உலர்த்துகிற அந்த லாப்சாங். மூடியைத் திறந்த உடனே எதிர் வீட்டு அத்தை வெளியே வந்து எங்கே எரிகிறது என்று கேட்டார். எனக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. உன்னைத் திருப்திப்படுத்தத்தான் "நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் போட்டுப் பார்த்து, மீதியை மூடி வைத்திருக்கிறேன். வந்தால் எடுத்துப் போ.

தைவானிலிருந்து யாரோ உனக்குக் கொடுத்தார்கள் என்று பாதி பிரித்துக்கொடுத்தாயே, டாங் டிங் ஊலாங் டீ, அதைத்தான் நான் ஒழுங்காக மதிக்கவில்லை. சூட்டில் வாட்டிய இலை நாள்பட நாள்படச் சாந்தமாகும் என்று நீ சொன்னபோது விற்காத சரக்குக்குச் சொல்கிற சமாதானம் என்று நினைத்தேன். நிஜம்தான் அண்ணா. உருண்டை உருண்டையாக இருந்த இலை சுடுதண்ணீரில் மெதுவாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் காம்போடு முழு இலையாக விரிந்தது. முதல் தண்ணீரில் அடுப்பு வாசனை. இரண்டாவதில் அது அடங்கி ஒரு பழ வாசனை. மூன்றாவது தண்ணீரை விழுங்கி, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொண்டையில் இனிப்பு ஏறியது, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி. உன்னிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் ஒகேனக்கல் தண்ணீரில்தான் போட்டேன். குழாயில் வராத நாளில் ஊலாங்கையே போர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். டீ கறுத்து, மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு ஆடை. டம்ளரைச் சாய்த்தால் அது பாளம் பாளமாக விரிசல் விட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து கட்டுகிற ஆடை அது என்று நீதான் சொன்னாய். நம் டீக்கடையில் ஏன் அது தெரியவில்லை என்றால் டஸ்ட் டீயும் பாலும் சர்க்கரையும் எல்லாவற்றையும் மூடிவிடும். நம் வீட்டிலும் நிறைய விஷயங்களை அப்படித்தான் மூடி வைத்தோம். சரி, இதை இங்கே விரிக்கவில்லை.

அடியில் இருந்தது ஹோஜிச்சா டப்பா, ஜப்பான்காரர்களின் வறுத்த டீ. உன் கையெழுத்தில் "வறுத்தது, அப்பாவுக்கு" என்று சீட்டு.

உனக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். எனக்கு இருக்கிறது. மழை ஓய்ந்தும் கரண்ட் வரவில்லை. டீ ருசி பார்க்கிற வேலையில் இருந்த நீ குன்னூரிலிருந்து முந்தின லீவில் கொண்டுவந்த பச்சைத் தேயிலை கோடை முழுக்க பீரோவில் கிடந்து, நிறம் வெளுத்து, வைக்கோல் வாசனை அடித்தது. அப்பா கொட்டச் சொன்னார். நீ விடவில்லை. ஜப்பானில் கியோட்டோ வியாபாரிகள் 1920களில் தண்டு, முற்றின இலை என்று விலை போகாததைக் கரி நெருப்பில் வறுத்துத்தான் ஹோஜிச்சா ஆக்கினார்கள் என்று சொல்லி, அம்மாவின் கேழ்வரகு வறுக்கிற மண்சட்டியைக் கேட்டாய். அம்மா கொடுக்கவே மாட்டேன் என்றது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கைப்பிடி இலை. நீ கரண்டியே தொடவில்லை, சட்டியைப் பிடிதுணியால் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருந்தாய். முதலில் புல் வாசனை வந்தது. அது போய் ஒன்றுமே இல்லாமல் கொஞ்ச நேரம். பிறகு தண்டுகள் லேசாக உப்பி, பச்சை போய்ப் பழுப்பாகி, வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. "இப்ப" என்றாய். நான் முறத்தை நீட்டினேன். அடுப்பை விட்டு இறக்கினாலும் சட்டிச் சூட்டில் இலை வெந்துகொண்டே இருக்கும், உடனே கொட்டிப் பரப்பாவிட்டால் கருகிவிடும் என்று நீ சொல்லி முடிப்பதற்குள் திண்ணையிலிருந்து அப்பாவின் குரல்: "இந்நேரத்துல யாரு கேவுறு வறுக்கறது?"

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடை கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாய். பால் இல்லை, சர்க்கரை இல்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஆயுசு முழுக்கப் பால் டீ ஆற்றிய மனுஷன். கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நிறம் பார்த்தார். குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நீ வேறு சும்மா இருக்காமல், ருசி பார்க்கிற முறை என்று ஸ்பூனால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, முற்றத்தில் துப்பிக் காட்டினாய். நூறு மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம், உலகம் பூரா இதுதான் கணக்கு, 1980லேயே தரம் நிர்ணயிக்கிற ஐஎஸ்ஓ எழுதி வைத்துவிட்டது என்று ஒரே பேச்சு. அப்பா, "ஆறு நிமிஷத்துல நம்ம ஆளு டீயைக் குடிச்சுட்டு பாப்பாரப்பட்டி தாண்டியிருப்பான்" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் அம்மாவும் மண்சட்டியை மறந்துவிட்டது. அப்புறம் அப்பா, "இதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று கேட்டுக்கொண்டே கிளாஸை நீட்டினார். உன்னிடம் இல்லை. என்னிடம். "பாப்பா, இன்னும் கொஞ்சம் ஊத்து."

அன்றையிலிருந்து அது என் வேலை. நீ திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டாய். நான் சாயங்காலம் தவறாமல் வறுத்தேன். குன்னூரில் நீ வரிசையாகக் கிண்ணங்களை வைத்து உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அப்பாவின் மடங்காத முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசனை உன் பங்கு, வேலை என் பங்கு. அதை யார் பிரித்தது?

இரு, கோபமாக எழுத உட்காரவில்லை. ஒன்று சொல்கிறேன். உன் பல் கறையைப் பார்த்துவிட்டு அங்கே எல்லோரும் டீ குடித்தே வந்தது என்று நினைத்தார்கள் என்று சிரித்துச் சொன்னாயே. எங்கள் ஊர்த் தண்ணீரால் வந்தது என்று அவர்களிடம் நீ சொல்லவே இல்லை. போட்டோ எடுக்கும்போது நீ வாயை மூடிச் சிரிப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். அந்தக் கறை இல்லாத அண்ணனை எனக்குக் கற்பனை செய்யவே வராது.

அதே தண்ணீர்தான் அப்பாவின் முட்டியையும் இடுப்பையும் இறுக்கியது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கத்துக் கிணறும் போரும் அந்தக் கணக்கையா பார்த்தன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நட்டு 2013இல் திறந்தார்கள். அப்பாவின் எலும்பு அதுவரை காத்திருக்கவில்லை. நீ போனில் சொன்னாய், "அந்தத் தண்ணியிலேயே டீ போட்டுப் போட்டுக் கொடுத்திருக்க." காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். சரிதான், போகாது. தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்க்கும், கொழுந்தைவிட முற்றின இலையில் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் ஏன் எடுக்கவில்லை? "வறுத்தது, அப்பாவுக்கு" டப்பாவில் இருப்பது முற்றின இலைதான், அண்ணா. நான் தண்ணீரை ஊற்றினேன், நீ இலையை அனுப்பினாய். அப்பா கேட்டுக் கேட்டுக் குடித்தார். அவர் போனது நெஞ்சு அடைப்பில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பர் உன்னிடமும் ஒரு காப்பி இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி முன்னாலேயே நான் பேசியது தடித்த வார்த்தை. அதற்கு மன்னித்துக்கொள். நாள் கணக்கில் தூங்காதவள் வாயில் வேறென்ன வரும்? ஆனால் நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் வைத்த டீயைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கடை விஷயம். அதிகம் எழுத முடியாது, காரணம் உனக்குத் தெரியும். நீ அனுப்பின பேப்பரில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. வாடகைக்கும் விடுவதாக இல்லை. சித்திரையில் நானே திறக்கிறேன். பால் டீ அப்படியே நடக்கும். காலை முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு ஊலாங் கொடுத்தால் கிளாஸோடு எறிவான். ஓரமாக இன்னொரு அடுப்பு, அதில் வறுத்த டீ மட்டும், ஒகேனக்கல் தண்ணீரில். எவன் காசு கொடுப்பான் என்று பார்த்துவிடுகிறேன். தோற்றால் உன்னிடம் வந்து நிற்க மாட்டேன். அதை இங்கே எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு உன்னிடம் வேண்டியது இலை. ஹோஜிச்சா இறக்குமதிச் சரக்கு வேண்டாம், கட்டுப்படியாகாது. கோத்தகிரிப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைத் தேயிலை செய்தால் விசாரி. கொழுந்தாகப் பார்த்து எடு, முற்றினது கலக்கக் கூடாது. ஏன் என்று இப்போது உனக்கே தெரியும். முதலில் 5 கிலோ போதும், வறுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கைக்கு என்று சும்மா அனுப்பாதே, வாங்க மாட்டேன். மற்றவர்களுக்குப் போடுகிற விலையைப் போட்டுப் பில்லோடு பார்சலில் அனுப்பு. நீயே எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால் பஸ் சார்ஜைக் கழித்துக்கொள்.

பாப்பா